வன்னியை ஆளும் சட்டங்களுக்கு வயதென்ன? அரசியலமைப்பு அரசைக் கட்டும் இடமும் கைவிடும் இடமும்

2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. இலங்கையின் வட மாகாணத்தில் சுமார் 5,940 ஏக்கர் காணி பற்றியது. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல், கிளிநொச்சியில் 500 ஏக்கருக்கு மேல், மன்னாரிலும் கொஞ்சம். மூன்று மாதத்துக்குள் யாரும் வந்து உரிமையை நிரூபிக்காவிட்டால் அந்தக் காணிகள் அரச காணியாகிவிடும் என்பதுதான் அதன் சாரம். இடம்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்தவர்களும், உறுதி கையிலிருந்தும் கனடாவிலோ தமிழ்நாட்டு முகாமிலோ இருப்பவர்களும், தாத்தாவின் பெயரிலுள்ள வயலை இன்னும் தங்கள் பெயருக்கு மாற்றாதவர்களும் நிறைந்த ஊர்களில் மூன்று மாதம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மனுத் தாக்கல் செய்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன். அரசாங்கமும் வர்த்தமானியை மீளப் பெற்றுக்கொண்டது.

அப்படியென்றால் அரசியலமைப்பு அரசைக் கட்டுப்படுத்துகிறது என்றுதானே அர்த்தம்? இந்த முறை, ஆம். அதைச் சிறிதாக எண்ண வேண்டாம். ஆனால் போனது வர்த்தமானி மட்டும்தான். அதைப் போட வழிவிட்ட 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் போகவில்லை. அந்தச் சட்டமே சமத்துவ உரிமைக்கு முரணானது என்று யாராவது போய் வாதாட முடியுமா? முடியாது. ஏன் முடியாது என்பதற்கான பதிலை 1978 அரசியலமைப்பு தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. வன்னியில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அதிகம் தொடாத பகுதி அது.

1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தை வாசித்தால் பெரிய குறை சொல்ல முடியாது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது, நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது 13. விரும்பிய இடத்தில் வசிக்கவும் நடமாடவும் 14. நல்லது. அப்புறம் வருகிறது 16. இந்த அரசியலமைப்பு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள் எல்லாம், இந்த உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும்கூட, செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. சுற்றி வளைக்காமல், நேரடியாகவே சொல்கிறது.

இப்போது வன்னியில் ஒரு குடும்பத்தின் நாளாந்த வாழ்க்கையைத் தொடும் சட்டங்களை எடுத்துப் பாருங்கள். காட்டோரமாகக் கல்லுப் போட்டு, இது எங்கள் எல்லை என்று வனவளத் திணைக்களம் சொல்வது 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தை வைத்து. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம். கையிலிருக்கும் எல்.டி.ஓ. பெர்மிட் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பிள்ளை. மலையையும் கோயில் வளவையும் தொல்லியல் பூமி என்று அறிவிப்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அவசரகால விதிகள் எல்லாவற்றுக்கும் தாய் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். காணி சுவீகரிப்புக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றாவது 1978க்குப் பின் பிறந்ததா? இல்லை. ஆக, இவற்றில் எந்தச் சட்டமும் அடிப்படை உரிமைகள் என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கப்படாமலே நம்மை ஆள்கிறது.

சரி, 1978க்குப் பின் வந்த சட்டங்கள்? அவற்றுக்கு 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி காவல். ஒரு சட்டமூலத்தில் சபாநாயகர் கையெழுத்துப் போட்டுச் சான்றுப்படுத்திவிட்டால், அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் கேட்க முடியாது. குளத்துத் துருசில் நிற்கும்போது மட்டும் தண்ணீரைச் சோதிக்கலாம், வாய்க்காலில் இறங்கிய பிறகு அது நஞ்சாக இருந்தாலும் தடுக்கக்கூடாது என்பது போன்ற ஏற்பாடு. சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்து ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போனவருக்கு மட்டும் வாய்ப்பு. ஒட்டுசுட்டானில் அறுவடையில் நிற்கும் ஒருவர் அந்த ஒரு வாரத்தில் சட்டமூலத்தை வாசித்து, சட்டத்தரணியைப் பிடித்து, கொழும்புக்குப் போய் மனுப் போடுவார் என்று யாராவது உண்மையில் நினைத்திருப்பார்களா தெரியாது. 2015இல் 19ஆவது திருத்தம் வரும்வரை இதைவிட மோசமான வழியும் இருந்தது. அமைச்சரவை 'அவசரச் சட்டமூலம்' என்று முத்திரை குத்தினால் உயர் நீதிமன்றம் 24 மணி நேரத்தில், அதிகம் போனால் மூன்று நாளில், கருத்துச் சொல்லிவிட வேண்டும். பொதுமக்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

இந்தியாவில் நடைமுறை வேறு. எழுபது வருடப் பழைய சட்டத்தைக்கூட ஒருவர் இன்று போய் மாநில உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அது செல்லாது என்று தீர்ப்பும் வரலாம். அங்கே அந்த அதிகாரம் எப்போதும் நன்றாகவே பயன்பட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். நல்ல என்ற சொல்லை மன்னித்துக்கொள்ளுங்கள். 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று மூன்று வருடத்துக்குக் கொண்டுவந்தார்கள்; 1982இல் நிரந்தரமாக்கினார்கள். கைதானவரை நீதிபதி முன் நிறுத்து என்று 13ஆம் உறுப்புரை சொல்ல, அமைச்சரின் ஒரு கட்டளையில் மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்றது இந்தச் சட்டம். 2022 திருத்தம் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். அது விருப்பப்படி கொடுத்ததல்ல என்று காட்டும் பாரமும் கைதியின் தலையில். ஒரு குறிப்பிட்ட வழக்கில் வாக்குமூலத்தை நீதிபதி தள்ளிவிடலாம், அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை.

பழைய சட்டத்தை 16 காக்கிறது, புதிய சட்டத்தை 80 காக்கிறது. மிஞ்சுவது அந்தச் சட்டங்களை வைத்து அதிகாரிகள் செய்யும் செயல்கள் மட்டும். ஒரு வர்த்தமானி, ஒரு கைது, ஒரு அறிவிப்புப் பலகை. 2025இல் தடை வந்தது இந்த இடத்தில்தான்.

1972க்கு முன்பிருந்த சோல்பரி அரசியலமைப்பு இதில் மேல் என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. அதன் 29(2)ஆம் பிரிவு, ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் செய்யக்கூடாது என்றது. பிந்திய சட்டத்தையும் நீதிமன்றத்தில் எதிர்க்க முடிந்தது. நடந்தது என்ன? 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. கோடாக்கன் பிள்ளை வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை, அது போதுமாக இருந்தது. பிற்காலத்து வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு அந்த வழக்கின் பெயர் தெரியாமலிருக்கலாம், விளைவு நன்றாகத் தெரியும். சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து அரச ஊழியர் கோடீஸ்வரன் போட்ட வழக்கு இன்னும் சுவாரசியமானது. 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் அவர் வென்றார். 1967இல் அன்றைய உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில் அது பிழை, போடலாம் என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அதற்குள் 1972 வந்துவிட்டது. பிரிவி கவுன்சிலும் போய், 29(2)உம் போய், புதிய அரசியலமைப்பில் சிங்களமே ஏறி உட்கார்ந்தது. 29(2) நீதிமன்றத்தில் ஒருபோதும் முறியடிக்கப்படவில்லை. அரசியலமைப்பை மாற்றப் பழைய அரசியலமைப்பு சொன்ன வழியைக்கூடப் பின்பற்றாமல், அரசியல் நிர்ணய சபை என்று தனியாக ஒன்றைக் கூட்டி அதைத் தாண்டிப் போனார்கள்.

1982இல் தாண்ட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடத்துக்கு மேல் நீட்ட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்பது அரசியலமைப்பின் கடும் பாதுகாப்பு. ஜே.ஆர். அரசாங்கத்திடம் ஆறில் ஐந்து இருந்தது. டிசம்பர் 22இல் வாக்கெடுப்பையும் நடத்தி, பொதுத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடம் எடுத்துக்கொண்டது. எல்லாம் சட்டப்படி.

இனி மறுபக்கம். 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். நவம்பர் 9இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நான்கரை வருடம் முடியுமுன் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் தெளிவாகச் சொல்லியிருந்தது. சம்பந்தன் உட்படப் பலர் மனுப் போட்டார்கள். நவம்பர் 13இல் இடைக்காலத் தடை, டிசம்பர் 13இல் ஏழு நீதிபதிகளும் ஒருமித்த தீர்ப்பு: கலைத்தது அரசியலமைப்புக்கு முரண். ஜனாதிபதி பணிந்தார். இலங்கை வரலாற்றில் எழுத்து அதிகாரத்தை வென்ற மிகத் தெளிவான நாள் அது. அதில் தமிழ்க் கட்சிகளின் வாக்கும் வழக்கும் முக்கியமாக இருந்தன.

ஏன் அன்று வேலை செய்தது? வாசகம் தெளிவாக இருந்தது, நீதிபதிகள் உறுதியாக இருந்தார்கள், உண்மைதான். அதோடு எதிரெதிரே நின்ற இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சம பலம். வழக்குப் போட்டவர்களிடம் நாடாளுமன்றப் பெரும்பான்மை இருந்தது, நாட்டின் பெரிய சட்டத்தரணிகள் இருந்தார்கள், தொலைக்காட்சிகள் வாசலில் நின்றன. இன்னொன்று, என் கணக்கில் இதுதான் பெரியது: தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஒரு ஆமிக்காரரைக்கூட ஒரு முகாமிலிருந்து எழுப்பத் தேவை இருக்கவில்லை. எம்பிமார் திரும்ப வந்து சபையில் உட்கார்ந்தால் போதும்.

முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களின் காணிக் கேள்விக்கு அப்படி ஒரு சுலபமான முடிவு கிடையாது. 2009இல் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். வன்னியிலிருந்து வந்து அப்போது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். அவர்கள் எல்லோருக்கும் 14ஆம் உறுப்புரை நடமாடும் சுதந்திரத்தைத் தாளில் கொடுத்திருந்தது. 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடாமல் பக்கத்தில் 'மாதிரிக் கிராமம்' ஒன்றில் குடியேற்றினார்கள். ஊரில் படை முகாம். 2017 தொடக்கத்தில் கேப்பாப்புலவின் ஒரு பகுதியான பிலவுக்குடியிருப்பின் பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை முகாம் வாசலில் இரவு பகலாக இருந்தார்கள். மார்ச் 1இல் அந்தக் காணி விடுபட்டது. விடுவித்தது தீர்ப்பு அல்ல, அவர்கள் அங்கேயே இருந்ததுதான்.

அவர்கள் ஏன் நீதிமன்றத்தை மட்டும் நம்பவில்லை என்று கேட்கலாம். இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை இல்லை. என் காணியை எடுத்துவிட்டார்கள் என்று 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரடியாக முறையிட வழியில்லை. சமத்துவத்தைப் பிடித்தோ, வசிக்கும் உரிமையைப் பிடித்தோ சுற்றித்தான் வர வேண்டும். அதுவும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள். அதுவும் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மட்டும். முல்லைத்தீவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் காசு, தங்க இடம், சட்டத்தரணி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும் வழக்கு. ஒரு மாதம் என்ற எல்லையை நீதிமன்றம் சில வேளை தளர்த்தியிருக்கிறது, குறிப்பாகத் தடுப்பில் இருந்தவர்களுக்கு. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டு விசாரணை நடந்துகொண்டிருந்தால், அந்தக் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்குப் போய் ஒரு முறைப்பாட்டு இலக்கம் வாங்கி வைப்பதன் பெறுமதி இதுதான். பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

மனு ஏற்கப்பட்டு, தீர்ப்பும் சாதகமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் நிறைவேற்றுவது? நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் படையும் இல்லை, பொலிசும் இல்லை. கட்டளையைக் கொண்டுபோவது அரசாங்கத்தின் பொலிஸ். 2019 செப்டம்பர் 23, நாயாறு நீராவியடிப் பிள்ளையார் கோயில். அங்கே விகாரை அமைத்திருந்த பிக்கு காலமானபோது, உடலைக் கோயில் வளவில் எரிக்கக்கூடாது, வேறிடத்தில் எரிக்க வேண்டும் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை வந்த அன்றே கோயில் தீர்த்தக்கேணிப் பக்கத்தில் எரித்தார்கள். பொலிஸ் நின்றது. நின்றது, அவ்வளவுதான். வடக்கின் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் நிலைமையை மாற்றாமல் வைத்திருக்கும்படி நீதிமன்றம் சொன்ன பிறகும் விகாரைக் கட்டுமானம் தொடர்ந்ததாக முறைப்பாடுகள் வந்தன. அந்த வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி, 2023 செப்டம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். நீதித்துறையில் தலையிடுவது குற்றம் என்று அரசியலமைப்பே சொல்லியிருக்கிறது.

ஆட்கொணர்வு மனுக்களும் இதே பாதைதான். 2009 மே மாதம் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்தவர்களை மன்றில் நிறுத்தக் கேட்டு, அனந்தி சசிதரன் உட்படக் குடும்பத்தினர் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உலகம் முழுக்க, ஒருவரின் உடலை இப்போதே கொண்டுவா என்று கேட்கும் மிக அவசரமான மனு இது. தீர்ப்பு 2022 டிசம்பரில் வந்தது, இராணுவம் அவர்களை ஆஜர்படுத்த வேண்டும் என்று. யாரும் மன்றுக்கு வரவில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை இந்தத் தீர்ப்பு வந்த பிறகும் நிறுத்தாததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதிகாரத்தைக் கட்ட இன்னொரு வழி அதைப் பிரித்துக் கொடுப்பது. 1987இன் 13ஆவது திருத்தம் அந்த வகை. மாகாண சபைக்குக் காணி என்று ஒரு பட்டியல், அதே திருத்தத்தின் பின்னிணைப்பில் அரச காணி குடியரசின் கையில் என்ற வரி. தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படும் என்றது, இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2013இல் உயர் நீதிமன்றம் அரச காணி மத்திய அரசுக்கு உரியது என்று தீர்த்துவைத்தது. அதே 2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர் மட்டும். காரணம் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். மாகாண சபைகளில் பெண்களின் பிரதிநிதித்துவத்தை உயர்த்துவதற்கு என்று வந்த சட்டமூலத்துக்குள் குழுநிலையில் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் திருத்தங்களைச் செருகினார்கள். உயர் நீதிமன்றம் பார்த்த சட்டமூலம் ஒன்று, சபாநாயகர் சான்றுப்படுத்தியது வேறொன்று. பிறகு எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லைகளும் இல்லை. சான்றுப்படுத்தியாயிற்று, ஆகவே அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. மேலே சொன்ன 80(3) ஒரு மாகாணத்தின் ஆட்சியையே எப்படிக் காணாமல் போகச் செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

'எல்லாம் வெறும் கடதாசி' என்று கைகழுவுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெறும் கடதாசியென்றால் 2020இல் 20ஆவது திருத்தம் அதைக் கண்டு பயந்திருக்காது. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுப் போடும் வழியை அந்தத் திருத்தம் மூடப் பார்த்தது. அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. 2022 ஜூலையில் பிறப்பித்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025இல் தீர்ப்பு வந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான்.

புதிய அரசியலமைப்பு வரும் என்று 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வாக்குறுதி தந்திருக்கிறது. வரைவு வந்தால், ஒற்றையாட்சியா சமஷ்டியா என்ற முதல் பக்கத்துச் சண்டையோடு பத்திரிகைகள் நிறைந்துவிடும். அது வேண்டிய சண்டைதான். வன்னியில் இருப்பவர் அதோடு சேர்த்து உள்ளே போய்த் தேட வேண்டிய வரிகள் வேறு சில உண்டு. 16ஆம் உறுப்புரை இருக்கிறதா, எடுபட்டதா. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் சோதிக்கலாமா. ஒரு மாதம் என்ற கெடு எத்தனை மாதமாகியிருக்கிறது. சொத்துரிமை சேர்ந்திருக்கிறதா. நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றாத பொலிஸ் அதிகாரிமேல் யார் நடவடிக்கை எடுப்பது, அதே பொலிஸ் மாஅதிபரா, வேறு யாருமா. அடிப்படை உரிமை மனுவை வவுனியா மேல் நீதிமன்றத்திலேயே, தமிழிலேயே, தாக்கல் செய்ய முடியுமா.